ட்ரூசில்லா வைத்த உப்பில்லாத சூப்

என் ஓரகத்தி ட்ரூசில்லாவும் நானும் முப்பத்தெட்டு வருஷமாக ஒரே வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகக் குடித்தனம் செய்கிறோம். ஸ்கல்பின் பைட் என்கிற இந்தச் சின்ன ஊரில் அவளைப் போல என் பொறுமையைச் சோதித்த ஆள் வேறு யாருமில்லை. நல்லவள்தான். நல்லவளாக இருந்தால் மட்டும் போதுமா? பிடித்த பிடியை விடமாட்டாள். யாரிடமும் போய் ஒரு உதவி என்று நிற்கமாட்டாள். தப்பு தன்மேல் இல்லையென்றாலும் வாயைத் திறந்து சொல்லமாட்டாள். இப்படிப்பட்டவளோடு எப்படித்தான் காலம் தள்ளுவது, சொல்லுங்கள்!

நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரையில் சாலை வந்து சேராத ஊர் எங்களுடையது. மொத்தம் பத்தொன்பது வீடு. மீன் ஆலையை மூடுவதற்கு முன்னால் ட்ரூசில்லா அங்கே இருபது வருஷம் காட் மீனை வகிர்ந்தவள். அவள் கத்தி போய் வந்த முள்ளில் துணுக்குச் சதை ஒட்டியிருக்காது. ஒருநாள் மேஸ்திரி எல்லார் மேசையையும் சோதித்துவிட்டு அவள் மேசையைப் பார்க்காமலே தாண்டிப் போய்விட்டார். மரியாதைக்குத்தான் அப்படிச் செய்தார். அதற்கும் கோபம் வந்துவிட்டது இவளுக்கு. "ஏன், என் மேசையில எடுத்துப் பாத்தா கை சுட்டுடுமா?" என்று அவரிடமே கேட்டுவிட்டாள். அப்படி ஒரு பிறவி.

சனிக்கிழமை என்றால் எங்கள் ஊரில் எல்லா வீட்டு அடுப்பிலும் பட்டாணி சூப்தான். மஞ்சள் பட்டாணிப் பருப்பு, வாளியில் உப்புத் தண்ணீரில் ஊறவைத்த உப்புக்கறி, கேரட், டர்னிப், கடைசியில் மாவுருண்டை. ட்ரூசில்லாவின் உருண்டை அந்தக் கரை முழுக்கப் பேர் போனது. கொதிக்கிற சூப்பின்மேல் மாவைக் கரண்டி கரண்டியாக விட்டு மூடியைப் போட்டாளென்றால் பதினைந்து நிமிஷம் யாரும் அந்த மூடியைத் தொடக்கூடாது. ஆவி போனால் உருண்டை அமுங்கிவிடும். புதிதாக வந்த பாதிரியார் வாசனை பிடித்துக்கொண்டு ஒருமுறை மூடியில் கை வைக்கப்போனார். "ஐயா, கைய எடுங்க. நீங்க பிரசங்கம் பண்ணும்போது நான் வந்து உங்க புத்தகத்த மூடினேனா?" என்றாள். அவர் கையைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. திறந்துகொண்டு வரவேண்டியதுதான், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவேண்டியதுதான். சனிக்கிழமை மத்தியானம் வந்து உட்கார்ந்தவருக்கு எதிரே கிண்ணத்தை வைத்துவிடவேண்டும். "சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் கேட்டவருக்குத்தான் அவமானம்.

இந்தப் பழக்கம்தான் எங்கள் எல்லாரையும் பாவியாக்கியது.

ட்ரூசில்லாவின் புருஷர் லியாண்டர், என் புருஷர் செல்பிக்கு அண்ணன். எனக்கு அத்தான். ஆறடி உயரம், சிரித்தால் அடுக்களைப் பாத்திரம் அதிரும். போன வசந்தத்தில் காலெல்லாம் வீங்கி, நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கி, கடைசியில் விரிகுடாவுக்கு அக்கரையில் இருக்கிற ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டோம். இதயத்துக்குப் பலம் போய்விட்டது, உடம்பில் தண்ணீர் தேங்குகிறது என்றார்கள். உப்பு கூடவே கூடாது. தினம் காலையில் எடை பார்க்கவேண்டும். எடை சட்டென்று ஏறினால் தண்ணீர் சேருகிறது என்று அர்த்தம், நுரையீரலுக்குப் போய்விட்டால் ஆள் தப்பமாட்டார் என்று டாக்டர் ட்ரூசில்லாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டார். அவள் தலையைத் தலையை ஆட்டினாள். ஒரு கேள்வி கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக உப்புக்கறி வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து என் வாசலில் வைத்தாள்.

"இத நீயே வெச்சுக்கோ ஊனா. என் வீட்டுக்குள்ள இனிமே இது வரக்கூடாது."

"சனிக்கிழமை சூப்புக்கு என்ன பண்ணுவே?"

"பச்சை எலும்பு வாங்கிப் போடுவேன். செத்தா போயிடுவாரு?"

சொல்லிவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

முதல் சனிக்கிழமை. அத்தான் அரைக் கிண்ணம் குடித்தாராம், ஒரு உருண்டை தின்றாராம், பசியில்லை என்று எழுந்துவிட்டாராம். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வேலியோரம் வந்தவர் நேரே என் அடுக்களைக்குள் நுழைந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"மூச்சு வாங்குது. கொஞ்சம் உக்காந்துட்டுப் போறேன்."

அடுப்பில் சூப். அவர் அதைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். மேசையருகே உட்கார்ந்திருந்த என் புருஷரும் வாயில் கரண்டியோடு அப்படியே இருக்கிறார். உட்கார்ந்த மனுஷனுக்கு எதிரே வெறும் மேசையை எப்படி விடுவது? கிண்ணத்தை வைத்தேன். உப்பு கூடாதென்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வைத்தேன். வாரம் பூராவும் அக்கா வீட்டில் உப்பில்லாமல் கிடக்கிறாரே, என் வீட்டில் ஒரே ஒரு கிண்ணம் என்ன செய்துவிடப்போகிறது என்று என் புத்தி சொன்னது. என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

"நாக்கு செத்துப்போச்சு ஊனா," என்றார் அவர், மூன்றாவது உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு. "இப்பத்தான் உயிர் வந்துச்சு."

"அக்காகிட்ட சொல்லாதீங்க."

"நானா? என்ன, எனக்குப் பைத்தியமா?"

மறுநாள் காலையில் எடை ஐந்து பவுண்டு ஏறியிருந்தது. ட்ரூசில்லா தினம் காலையில் அந்த எண்ணை அடுக்களைக் காலண்டரில் எழுதிவைப்பாள். புதன்கிழமைதோறும் படகில் வருகிற நர்ஸ் மெலிண்டா அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக முறைத்தாளாம்.

"சனிக்கிழமை என்ன குடுத்தீங்க?"

"சூப்பு. உப்பு போடாத சூப்பு."

"ஒரு சிட்டிகைகூட போடலையா?"

ட்ரூசில்லாவிடம் போய் இப்படியொரு கேள்வி! முகம் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. ஆனால் சண்டை போடவில்லை. அதுதான் எனக்கு எரிகிறது. "அடுத்த தடவை பாத்துக்கறேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டு, தப்பு தன் பானையில்தான் இருக்கிறது என்று தேட ஆரம்பித்துவிட்டாள்.

இரண்டாவது வாரம் உருண்டை மாவில் சேர்க்கிற வெண்ணெயைச் சந்தேகப்பட்டாள். உப்பில்லாத வெண்ணெய் வேண்டுமென்று படகுக்காரரிடம் சொல்லிவிட்டு வரவழைத்தாள். ஞாயிற்றுக்கிழமை எடை ஏறியது. மூன்றாவது வாரம் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பேக்கிங் பவுடர் டப்பாவில் இருந்த பொடி எழுத்தைப் படித்தாள். அதிலும் உப்புச் சத்து இருக்கிறதாம். எடுத்து வீசினாள். பேக்கிங் பவுடர் போடாத உருண்டை எப்படி இருக்கும்? சூப்புக்குள் போட்டதும் வலையில் கட்டுகிற ஈயக்குண்டு மாதிரி அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. கரை முழுக்கப் பேர் வாங்கிய கை! ஆனாலும் பதினைந்து நிமிஷம் மூடியைத் திறக்காமல் பக்கத்திலேயே நின்றாள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எடை ஏறியது.

"அப்ப சூப்பையே விட்டுத் தொலையேன் அக்கா. ஒரு முட்டையப் பொரிச்சுக் குடு."

"சனிக்கிழமை சூப்பு வைக்காத வீடா? அவரு செத்துட்டாருன்னு ஊரு நெனச்சுக்கும்."

நாலாவது வாரம் கேரட்டிலேயே உப்பு இருக்கிறதாம், அதைக் குறைத்தாள். ஐந்தாவது வாரம் தண்ணீர். கடல் கிணற்றில் கசிந்திருக்குமோ என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. மேட்டிலிருக்கிற ஓடையிலிருந்து இரண்டு வாளி தண்ணீரைத் தானே சுமந்துகொண்டு வந்தாள். அறுபத்தாறு வயசுக்காரி! வாளியை வாங்கப்போனேன். "கைய எடு. என் பானை, நான்தான் பாக்கணும்" என்றாள். நான் கையை எடுத்தேன். வாயையும் மூடிக்கொண்டுதான் இருந்தேன், கோழை.

அந்தச் சனிக்கிழமைதான் தபால் எடுக்க வினி வீட்டுக்குப் போனேன். தபாலாபீஸ் அவள் வீட்டு முன்னறைதான். கதவைத் திறந்தால் அடுக்களை மேசையில் யார்? அத்தான். கிண்ணம் மேலே ஆவி, உருண்டைமேல் கரண்டி. என் வீட்டில் சாப்பிட்டுப் போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"ரெண்டாவதா?" என்று கத்திவிட்டேன்.

வினி திரும்பிப் பார்த்தாள். "என்ன ரெண்டாவது? வாரா வாரம் இங்கதானே சாப்பிடுறாரு. பாவம், வீட்டுல நாக்குக்கு ஒண்ணும் இல்லையாம்."

"எங்க வீட்டுல இப்பத்தான் சாப்பிட்டாரு!"

வினி கரண்டியைக் கீழே வைத்தாள். அத்தான் ஜன்னல் பக்கம் பார்த்தார், கடலில் ஏதோ விசேஷம் நடப்பதுபோல. நான் விடவில்லை. பாதையில் இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். எங்கள் வீடு, வினி வீடு, படகுத்துறைப் பக்கம் கார்லண்ட் வீடு, அதற்கப்புறம் இன்னும் மூன்று. ஆறு வீடு. எல்லா வீட்டிலும் ஒரே ஒரு கிண்ணம்தானே என்று நினைத்துக்கொண்டு ஆளாளுக்கு ஊற்றியிருக்கிறோம்.

"வெக்கமா இல்ல அத்தான்? உப்பு போட்டுத்தானே சாப்பிடுறீங்க?"

"அதத்தானே போடக்கூடாதுங்கறா உங்கக்கா."

இந்த நேரத்திலும் கிண்டல்! ஆத்திரத்தில் அவர் தொப்பியைப் பிடுங்கித் தரையில் எறிந்தேன். குனிந்து எடுக்க முடியாமல் அவருக்கு மூச்சு இரைத்தது. நானே எடுத்துக் கொடுத்தேன்.

"அங்க ஒருத்தி ஓடைத் தண்ணிய சுமந்து சாகறா. தன் கையிலதான் தப்புன்னு நெனச்சுக்கிட்டிருக்கா. தெரியுமா உங்களுக்கு?"

தலையைக் குனிந்துகொண்டார். "விட முடியல ஊனா. வாரம் பூரா மரக்கட்டையத் திங்கற மாதிரி இருக்கு. அடுத்த வாரத்துலேர்ந்து ஒரே ஒரு வீடு. சத்தியமா."

"எந்த வீடு?"

"உன் வீடுதான். உன் கைப்பக்குவம் யாருக்கு வரும்?"

அப்போதே ட்ரூசில்லாவிடம் போய்ச் சொல்லியிருக்கவேண்டும். போகவில்லை. ஏன் தெரியுமா? என் மனசு குளிர்ந்துபோய்விட்டது. முப்பத்தெட்டு வருஷமாக ட்ரூசில்லாவின் உருண்டை, ட்ரூசில்லாவின் உருண்டை என்று கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன காதுக்கு, அவள் புருஷரே என் கையைப் புகழ்ந்தது தேனாக இருந்தது. இதை எழுதும்போதும் கூசுகிறது.

அதே வார்த்தையை அவர் ஆறு வீட்டிலும் சொல்லியிருக்கிறார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அடுத்த சனிக்கிழமையும் ஆறு கிண்ணம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தேவாலயத்தில் பாட்டுக்கு எல்லாரும் எழுந்தோம். அத்தான் எழவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது, வாயால் காற்றை அள்ளி அள்ளிக் குடிக்கிறார், உள்ளே போகவில்லை. வெளியே கை நீட்டினால் விரல் தெரியாத மூடுபனி. ஹெலிகாப்டர் வராது. கார்லண்ட் பாட்டுப் புத்தகத்தைப் போட்டுவிட்டுப் படகை எடுக்க ஓடினான்.

அக்கரைக்கு இரண்டு மணி நேரம். ட்ரூசில்லா அவருக்குப் பின்னால் உட்கார்ந்து, சாயவிடாமல் நெஞ்சோடு சேர்த்து நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே வந்தாள். படுத்தால் மூச்சு நின்றுவிடும். கார்லண்ட் ஊதுகுழலை ஊதிக்கொண்டே ஓட்டினான், ஒரு தடவைகூடத் திரும்பி எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. பாதி வழியில் ட்ரூசில்லா என் பக்கம் குனிந்தாள்.

"கேரட்டு போட்டேன் ஊனா. ரெண்டே ரெண்டு. அதையும் போடாம இருந்திருக்கலாம்."

எனக்கு அப்படியே கடலில் குதித்துவிடலாம் போல இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஊசிமேல் ஊசி போட்டுத் தண்ணீரை இறக்கினார்கள். சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து, இந்தத் தடவை பிழைத்துவிட்டார், இன்னொரு தடவை இப்படிக் கொண்டுவந்தால் நான் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். அவர் போனதும் தாழ்வாரத்து பெஞ்சில் நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அழுதுகொண்டே சொன்னேன். அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆறு வீடா?"

"ஆறு."

"உன் வீட்டுல எத்தன உருண்டை சாப்பிட்டாரு?"

"அது எதுக்கு அக்கா இப்ப?"

"எத்தனன்னு கேட்டேன்."

"மூணு."

தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் வெடித்தாள் பாருங்கள், தாழ்வாரத்தில் போன நர்ஸுகள் நின்றுவிட்டார்கள்.

"ஓடைத் தண்ணி சுமந்தேன்டி! பேக்கிங் பவுடரத் தூக்கி எறிஞ்சேன்! எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி டப்பா டப்பாவா படிச்சேன்! அந்த நர்ஸு பொண்ணு என்னப் பொய்க்காரி மாதிரி பாத்தா. எல்லாத்தையும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு வேடிக்கை பாத்தியே, உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

 

ஒன்பது நாள் கழித்து அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அந்த வாரம் வெள்ளிக்கிழமை ட்ரூசில்லா தன் வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்தாள். ஆறு வீட்டுக்கும் உதவி கேட்டுப் போனாள். எங்கேயும் உட்காரவில்லை. அடுக்களை நடுவில் நின்றுகொண்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல், ஒன்றையே சொன்னாள்: நாளைக்கு மத்தியானம் அவர் வரும்போது கதவைத் திறக்காதீர்கள்.

கார்லண்ட் பதறிப்போய்விட்டான். "மூஞ்சில கதவ சாத்தறதா? லியாண்டர் அண்ணன் மூஞ்சிலயா? உள்ள வரட்டும், நான் சூப்பு மட்டும் குடுக்காம இருந்துடறேன் அண்ணி."

"உன்னால முடியாது."

"முடியும்."

"உள்ள வந்து உக்காந்தவருக்குக் குடுக்காம இருக்க என்னாலயே முடியாது. உன்னால முடிஞ்சிடுமா? கதவ சாத்து கார்லண்ட். அவரு உயிரோட இருக்கணும்னா சாத்து."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்றான்.

எங்கள் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. யாருக்கு வேண்டும் தாழ்ப்பாள்? சனிக்கிழமை மத்தியானம் செல்பி ஒரு துடுப்பைக் கொண்டுவந்து கைப்பிடிக்குக் கீழே முட்டுக்கொடுத்தார். போதாதென்று நானும் முதுகைக் கொடுத்து நின்றேன். அடுப்பில் எங்கள் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. வைக்காமல் இருந்திருக்கலாம். புத்தி வரவில்லை.

படியில் காலடி கேட்டது. கைப்பிடி திரும்பியது. கதவு அசையவில்லை. ஏதோ ஈரத்தில் ஊறிப்போய்விட்டது என்று நினைத்திருப்பார், தோளைக் கொடுத்துத் தள்ளினார். என் முதுகில் பட்டது.

"செல்பி! கதவு மாட்டிக்கிச்சு போலிருக்கு, இழு."

செல்பி மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் அவர் தட்டினார். சொந்தத் தம்பி வீட்டுக் கதவை. மூன்று தட்டு, மெதுவாக, வெளியூர் ஆள் மாதிரி.

"ஊனா? நீ அங்கதான் நிக்கறேன்னு தெரியுது. மூச்சு கேக்குது."

நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"சூப்பு வேண்டாம். சும்மா உக்காந்துட்டுப் போறேன். குளிருதும்மா."

திறந்திருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், திறந்திருப்பேன். செல்பி எழுந்து வந்து என் பக்கத்தில் தன் முதுகையும் வைத்தார். அவர் தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது.

காலடி இறங்கிப் போனது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வினி வீட்டு வாசலில் நின்றார், கைப்பிடியைத் திருப்பினார், தட்டினார், போனார். அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. கடைசியில் கார்லண்ட் வீட்டு வாசலில் அவர் தட்டவேயில்லை. சும்மா நின்றுவிட்டுத் திரும்பினார். வழியில் இரண்டு இடத்தில் வேலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். போய்க் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வர இந்த ஊரில் ஒரு நாதி இல்லாமல் செய்துவிட்டோம்.

என்னால் தாங்க முடியவில்லை. துடுப்பைத் தள்ளிவிட்டு, பின்பக்கமாக ஓடி ட்ரூசில்லாவின் அடுக்களைக்குள் நுழைந்தேன். அவர் அப்போதுதான் முன்வாசல் வழியாக உள்ளே வந்து நின்றார். ட்ரூசில்லா கிண்ணத்தை மேசையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஊரே என் மூஞ்சில கதவ சாத்திடுச்சு," என்றார். அவர் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "நான் என்ன, தொழுநோய்க்காரனா? யாரு பண்ண வேலை இது?"

நான் வாயைத் திறந்தேன். ட்ரூசில்லா என்னைப் பார்த்து ஒரு முறை முறைத்தாள், அவ்வளவுதான், என் வாய் மூடிக்கொண்டது.

"நான்தான்," என்றாள். "அவங்க யாரும் ஒத்துக்கல. திட்டி, மிரட்டி, சண்டை போட்டு நான்தான் சாத்த வெச்சேன். திட்டணும்னா என்னத் திட்டுங்க."

"நீயா?"

"நான்தான்."

"அப்ப இனிமே என்கூடப் பேசாத."

"சரி. சூப்பு ஆறுது."

உட்கார்ந்தார். பசி. ஆறு வீட்டை நம்பிக் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத வயிறு. அந்த உப்புச்சப்பில்லாத மஞ்சள் கூழை, அந்தக் கல்லு உருண்டையை, கோபத்தோடு வழித்து வழித்துத் தின்றார். அவள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

மறுநாள் எடை ஏறவில்லை. அதற்கடுத்த வாரமும் ஏறவில்லை. கதவுகளை நாங்கள் மறுபடி திறந்துவிட்டோம். மற்ற நாட்களில் வந்து டீ குடித்துவிட்டுப் போவார், சனிக்கிழமை மட்டும் யார் வீட்டுப் பக்கமும் திரும்பமாட்டார். எங்கள்மேல் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. "நீங்க என்ன பண்ணுவீங்க, அவ வாய்க்கு முன்னால யாரு நிக்க முடியும்?" என்று என் மேசையில் உட்கார்ந்துகொண்டே சொல்வார். நான் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் ட்ரூசில்லாவிடம் ஒரு வார்த்தை கிடையாது. சொன்னபடியே செய்கிற வம்சம் அது. ஒரே வீடு, ஒரே மேசை, ஒரே படுக்கை. பத்து மாசமாகப் பேச்சில்லை.

போன சனிக்கிழமை அவள் அடுக்களையில் நின்றேன். உள்ளறை மேசையில் அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருக்கிறது, மூச்சு சீராகப் போகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போதும் அக்கா," என்றேன், குரலைத் தாழ்த்தி. "நான் போய்ச் சொல்லிடறேன். நாங்கதான் ஊத்தி ஊத்தி உங்களக் கொல்லப் பாத்தோம், கதவையும் நாங்க ஒத்துக்கிட்டுத்தான் சாத்தினோம், அவ மிரட்டலன்னு சொல்லிடறேன். எதுக்கு நீ சுமக்கணும்? மேலே விழுற பழியெல்லாம் தூக்கி வெச்சுக்கறியே, இதென்ன உனக்கு வியாதியா?"

"சொல்லாத."

"ஏன்?"

"உங்கமேல கோவம் வந்தா உங்க வீட்டுக்கு வரமாட்டாரு. டீக்குக்கூடப் போக எடமில்லாம போயிடும். எம்மேல கோவிச்சுக்கிட்டு எங்க போவாரு? இங்கதான் சாப்பிட்டாகணும்."

"பத்து மாசமாச்சு. ஒரு வார்த்தை பேசல உன்கூட."

"ஆமா," என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது, கீழே விடவில்லை. "பேசாம இருக்கறதுக்கும் ஆளு இருக்கணுமில்ல?"

அந்த நேரம் உள்ளேயிருந்து டக் டக்கென்று சத்தம். கரண்டியால் காலிக் கிண்ணத்தைத் தட்டுகிறார். இன்னொரு கிண்ணம் வேண்டும், வாயைத் திறந்து கேட்கமாட்டார். இந்தப் பத்து மாசத்தில் அவர் இரண்டாவது கிண்ணம் கேட்டது அதுதான் முதல் முறை.

ட்ரூசில்லா என்னைத் தள்ளிக்கொண்டு, கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, பானையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.